வண்ணக்கோலும் மனித முகமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கலை, இலக்கியக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவில் பள்ளியைப் பற்றியும், விடுதியைப் பற்றியும், உதவித்தொகையைப் பற்றியும் பேசுவதே முறை. அவற்றைப் பற்றிப் பேச வல்ல சான்றோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எனக்கு ஒதுக்கப்பட்ட பொருளோ ஓவியம். "உண்ண உணவுக்கும் உடுக்க உடைக்கும் இன்னும் போராடிக்கொண்டிருக்கும் மக்களுக்கு ஓவியத்தால் ஆவது என்ன?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். என் உரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு விடை கூறும் முயற்சியே ஆகும்.

நம் ஊர்களில் திருவிழா என்றாலும் சாவு என்றாலும் பறையொலி வேண்டும். அந்த ஒலி இல்லாமல் தேர் நகராது, பாடையும் எழாது. ஆனால் அந்தப் பறையை அடித்தவர் யார், அவர் முகம் எப்படி இருந்தது, அவர் கண்களில் என்ன இருந்தது என்று பார்த்து எழுதி வைத்தவர் எத்தனை பேர்? ஒலியை ஏற்றுக்கொண்ட ஊர், ஒலித்தவரின் முகத்தைப் பார்க்க மறுத்தது. கலையை அனுபவிப்பதும் கலைஞனை விலக்கி வைப்பதும் ஒரே காலத்தில் நடந்து வந்தன. இந்தக் கொடுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதனை நன்கு அறிவர். அவர்கள் பாடலுக்கு உலகமே தலையாட்டியது; பாடியவர் அரங்கின் பின்வாசல் வழியாகவே உள்ளே செல்ல வேண்டியிருந்தது.

அத்தகைய நாட்டில், ஏழைக் கறுப்பினத்தவர் ஒருவர் கையில் ஒரு வண்ணக்கோலை எடுத்துக்கொண்டு, தம் மக்களின் பாடகர்களையும் ஆடற்கலைஞர்களையும் நண்பர்களையும் ஒருவர் பின் ஒருவராக வரைந்தார். அவர் பெயர் போஃபர்ட் டெலேனி. அவரைப் பற்றியும் அவர் கையாண்ட வண்ணக்கோலைப் பற்றியும் உங்களிடம் பேச விழைகின்றேன்.

வண்ணக்கோல் என்பது யாது?

ஆங்கிலத்தில் 'பேஸ்டல்' என வழங்கும் பொருளையே வண்ணக்கோல் என்கிறேன். தூளாக்கிய வண்ணப்பொடியுடன் மிகச் சிறிதளவு பிசின் கலந்து, பிசைந்து, உருட்டி, உலர்த்தி எடுத்த கோல் அது. பார்வைக்குப் பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டி போலவே இருக்கும். பசை குறைவு, வண்ணமே மிகுதி. ஆகவே எண்ணெய் வண்ணத்தில் காணக் கிடைக்காத ஒளியும் மென்மையும் இதில் கிட்டும்.

எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் பல ஆகும். அதற்குக் கித்தான் வேண்டும், தூரிகை வேண்டும், எண்ணெய் வேண்டும், இவை அனைத்தையும் பரப்பி வைக்க இடமும் வேண்டும். வண்ணக்கோலுக்கு ஒரு தாளும் கையும் போதும். சற்றே சொரசொரப்பான தாளில் கோலை இழுத்தால், தாளின் மேடுகளில் வண்ணத்தூள் பற்றிக்கொள்ளும். விரலால் தேய்த்தால் நிழல் பிறக்கும். தேய்க்காமல் விட்டால் கோடு துடிப்புடன் நிற்கும். எதிரில் அமர்ந்திருப்பவர் எழுந்து போவதற்குள் முகத்தைப் பிடித்துவிடலாம். இதனால்தான் மேடையேறும் கலைஞர்களையும், சிறிது நேரமே அமரக்கூடிய நண்பர்களையும் வரைவதற்கு இது ஏற்ற கருவியாயிற்று.

குறையும் உண்டு. தாளில் தங்கும் வண்ணம் தூளே ஆகையால் எளிதில் உதிரும்; கைபட்டால் கலையும். கண்ணாடியிட்டு, அக்கண்ணாடியும் தாளில் படாதவாறு சட்டமிட்டுக் காக்க வேண்டும். எளிதில் தோன்றுவது, எளிதில் அழியவும் வல்லது. பேணுவோர் இருந்தால் மட்டுமே நிலைக்கும்.

மேடையைக் கண்டார், முகத்தைக் கண்டாரா?

ஐரோப்பாவில் இக்கலை பதினெட்டாம் நூற்றாண்டில் உச்சம் பெற்றது. வெனிஸ் நகரத்துப் பெண் ஓவியர் ரொசால்பா கரியேரா 1720இல் பாரிசுக்கு வந்தபோது, அந்நகரத்துச் செல்வர் பலர் அவரிடம் தங்கள் முகத்தை வரைவித்துக்கொள்ள விரும்பினர். அவருக்குப் பின் பிரான்சில் புகழ்பெற்றவர் மோரிஸ் குவென்டின் தெ லா தூர். 1755இல் அவர் காட்சிக்கு வைத்த மதாம் தெ பொம்பதூர் ஓவியம் ஏறத்தாழ 1.77 மீட்டர் உயரமுடையது. அரசனின் அன்பைப் பெற்ற அச்சீமாட்டி நூல்களும் இசைக்குறிப்பும் சூழ அமர்ந்திருக்கிறார்.

ஆனால் அதே லா தூர், தமக்கு நெருங்கிய தோழியாகிய பாடகி மரி ஃபெல் என்பவரையும் வண்ணக்கோலால் வரைந்தார். அரண்மனை ஓவியத்திலுள்ள ஆரவாரம் அதில் இல்லை. நட்பும் கனிவும் உண்டு. மற்றொரு செய்தி நம்மைப் போன்ற கல்விச் சங்கத்தினர் மனத்தில் கொள்ளத் தக்கது. தம் பிறந்த ஊராகிய சேன் கன்டேனில் 1782இல் கட்டணமில்லா ஓவியப் பள்ளி ஒன்று அமைய அவர் பொருளுதவி செய்தார். முகங்களை வரைந்து ஈட்டிய பொருள், ஏழை மாணவர் கையில் வரைகோலாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்கர் டெகா வந்தார். நடன மங்கையர், கூத்தரங்கப் பாடகியர், சலவைப் பெண்டிர் ஆகியோரை வண்ணக்கோலால் வரைந்தவர் அவர். மேடை விளக்கின் ஒளி கீழிருந்து மேலாகப் பாடகியின் தொண்டையில் விழும் காட்சியை அவரைப்போல் கண்டு தீட்டியவர் வேறொருவரைக் கூறுவது அரிது.

1879ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் ஃபெர்னாந்தோ சர்க்கசில் மிஸ் லாலா என்னும் மேடைப்பெயருடைய கறுப்பின வழிவந்த பெண் ஒருவர் வீரவிளையாட்டு நிகழ்த்தினார். கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்களால் கவ்வியபடியே உயரத்திற்குச் செல்வார். டெகா பலமுறை சென்று பார்த்தார். வண்ணக்கோலால் முன்வரைவு தீட்டினார். பின்னர் எண்ணெய் வண்ணத்தில் பெரிய ஓவியமாக்கினார். முன்வரைவு ஒன்று இலண்டன் டேட் கலைக்கூடத்திலும், பெரிய ஓவியம் அதே நகரின் தேசிய ஓவியக்கூடத்திலும் உள்ளன. ஒப்பற்ற ஓவியம் அது, ஐயமில்லை. ஆயினும் அதனை நம் கண்கொண்டு சற்றே நோக்க வேண்டும். கைகால்களின் முறுக்கைக் காண்கிறோம். கூரையின் வளைவைக் காண்கிறோம். அப்பெண்ணின் முகமோ மேல்நோக்கித் திரும்பி, அரிதாகவே நமக்குத் தெரிகிறது. அன்னா ஆல்பெர்டினா ஓல்கா பிரௌன் என்பது அவருடைய இயற்பெயர். அவர் யார், எங்கிருந்து வந்தார் என்பதைப் பொதுமக்கள் அறியும் வகையில் தேசிய ஓவியக்கூடம் தனிக்கண்காட்சி நடத்தியது 2024ஆம் ஆண்டில். ஓவியம் பிறந்து நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்த முகத்தை நாம் தேடத் தொடங்கினோம்.

டெகாவைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தார். அந்த வரிசையிலிருந்து பார்த்தால் வித்தைதான் தெரியும். வித்தை முடிந்து, மேடையிறங்கி, களைத்து அமரும் மனிதரைக் காண வேண்டுமானால் அவருக்கு அருகில் நாற்காலி போட்டு அமர வேண்டும். அதற்கு அவரிடம் உரிமை வேண்டும், உறவும் வேண்டும்.

நாக்ஸ்வில் தந்த ஓவியர்

போஃபர்ட் டெலேனி 1901ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் பிறந்தார். அவர் தாயார் டீலியா அடிமையாகப் பிறந்தவர். தந்தையார் சாமுவேல் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே மெதடிஸ்டு சபையில் ஊழியம் புரிந்தவர். தம்பி ஜோசப்பும் பிற்காலத்தில் ஓவியராகவே விளங்கினார்.

இளைஞர் டெலேனி வரைந்தவற்றைக் கண்ட லாயிட் பிரான்சன் என்னும் முதிய வெள்ளையர் ஓவியர் அவருக்குப் பயிற்சி அளித்தார். அக்காலத்துத் தென்மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய நிலையில் இது எளிய செயல் அன்று. 1923இல் பாஸ்டன் நகருக்குச் சென்று கலை பயின்ற டெலேனி, 1929இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அவ்வாண்டில்தான் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் நாடெங்கும் பரவியது.

அப்போது அவருக்குக் கைகொடுத்தது வண்ணக்கோலே. பில்லி பியர்ஸ் என்னும் கறுப்பினத்தவர் நடத்திய நடனப் பள்ளியில் ஆடுவோரை வரைந்தார். 1930இல் ஹார்லெம் பகுதியின் 135ஆம் தெருப் பொது நூலகத்தில் அவருடைய வண்ணக்கோல், கரிக்கோல் முகஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மாணவச் செல்வங்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். தம் மக்கள் நாள்தோறும் நூல் எடுக்க வந்து போகும் நூலகமே அவருக்குக் கலைக்கூடமாயிற்று. அதே ஆண்டில் விட்னி கலைக்கூடத்தாரும் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு ஏற்றனர். அக்கூடத்திலேயே அவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது. காவல் பணியும் தொலைபேசிப் பணியும் பார்த்தார். சுவரில் தம் ஓவியம் தொங்கிய கட்டடத்திலேயே காவல் பணி புரிந்த கலைஞரை எண்ணிப் பாருங்கள்.

டியூக் எலிங்டன், லூயி ஆம்ஸ்ட்ராங், எதெல் வாட்டர்ஸ் போன்ற இசைக்கலைஞர்களையும், அறிஞர் டூபாய்ஸ் போன்ற தலைவர்களையும் அவர் வரைந்தார். அவர்களுடன் தம் தெருவில் வாழ்ந்த பெயர் பெறாத மனிதரையும் வரைந்தார். புகழ்பெற்றவருக்கு ஒரு கை, புகழற்றவருக்கு வேறொரு கை என்னும் வேறுபாடு அவரிடம் இல்லை. 1938இல் 'லைஃப்' இதழ் அவர் படத்தை வெளியிட்டு நாடறியச் செய்தது. ஆனால் அந்தப் புகழ் அவருடைய வாடகையைத் தீர்க்கவில்லை.

கறுப்பு ஒரே நிறமா?

டெலேனியின் முகஓவியங்களில் ஒன்றை வாஷிங்டன் நகரின் தேசிய உருவஓவியக் கூடத்தில் காணலாம். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை 1963ஆம் ஆண்டு அவர் வண்ணக்கோலால் வரைந்தது அது. வெப்பம் மிகுந்த மஞ்சளும் சிவப்பும் தாள் முழுவதும் பரவியிருக்கின்றன. முகத்திலும் அவ்வண்ணங்களே ஓடுகின்றன. பெரிய கண்கள் இரண்டும் நம்மை நேராக நோக்குகின்றன. அக்கண்களைத் தவிர்த்து அப்பால் செல்ல இயலாது.

கறுப்பின மனிதர் ஒருவரின் முகத்தை மஞ்சளால் ஏன் தீட்ட வேண்டும்? கறுப்பு மனிதனைக் கேலிச்சித்திரமாக வரைந்தவர்கள் அவன் முகத்தைக் கரிய மையால் அப்பி, வாயைச் சிவப்பாக்கி, மனிதச் சாயலையே மறைத்து வந்தனர். அந்த ஒற்றைக் கறுப்புக்கு டெலேனி தந்த மறுமொழியே இவ்வண்ணங்கள். கருந்தோலின் மீது காலை ஒளி விழும்போது பொன்னிறம் தோன்றும். நிழலில் நீலமும் ஊதாவும் படரும். வியர்வையில் பசுமை மின்னும். உற்றுப் பார்ப்பவர்க்கே இவை தெரியும். பார்க்க மறுப்பவர்க்கு எல்லாம் கறுப்பே.

இது தொலைதூரத்துச் செய்தி என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவில் சிறுவர் வண்ணப் பெட்டிகளில் வெளிறிய இளஞ்சிவப்புக் கோலுக்குத் 'தசை நிறம்' என்று பெயரிட்டிருந்தனர். 1962இல்தான் அப்பெயர் நீக்கப்பட்டது. நம் நாட்டுக் கடைகளில் விற்ற பெட்டிகளிலும் அந்த இளஞ்சிவப்புக்கே 'தோல் நிறம்' என்று பெயர் இருந்தது. நம் பிள்ளைகள் தம் தாயின் முகத்தை வரைய அந்தக் கோலைக் கையில் எடுத்தார்கள். தாயின் முகத்தில் இல்லாத நிறத்தை 'தோல் நிறம்' என்று பெட்டி கற்பித்தது. ஓவியம் சோற்றுக்கு உதவுமா என்று கேட்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். தன் தாயின் நிறம் பிழையான நிறம் என்று ஏழு வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை, எழுபது வயது வரை அந்தப் பாடத்தைச் சுமக்கும்.

நண்பரின் கண்

பால்ட்வின் டெலேனியை முதன்முதல் சந்தித்தது 1940இல். பால்ட்வினுக்கு அப்போது வயது பதினாறை எட்டவில்லை. ஹார்லெமில் வறிய குடும்பத்தின் மூத்த பிள்ளை. கண்டிப்பான சமயப் போதகரின் வீட்டில் வளர்ந்தவர். டெலேனியின் அறைக்குச் சென்ற அந்தச் சிறுவர், கறுப்பின மனிதரும் கலைஞராக வாழ முடியும் என்பதற்குத் தாம் கண்ட முதல் சான்று அவரே எனப் பின்னாளில் எழுதினார். டெலேனியின் அறையில் அவர் இசை கேட்டார், ஓவியம் கண்டார், உலகைப் பார்க்கவும் கற்றார்.

பால்ட்வின் பன்முறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு நாள் தெருவோரம் நின்றபோது, சாக்கடை ஓரத்துத் தேங்கிய நீரைப் பார்க்குமாறு டெலேனி கூறினார். பால்ட்வின் பார்த்தார், நீர் மட்டுமே தெரிந்தது. மீண்டும் பார்க்கச் சொன்னார். நீரின் மீது படர்ந்திருந்த எண்ணெயையும், அதில் கட்டடங்கள் நெளிந்து மின்னுவதையும் அப்போதுதான் அச்சிறுவர் கண்டார். அழுக்கு நீர் அழுக்கு நீராகவே இருந்தது. ஆனால் பார்க்கும் கண் மாறிவிட்டது. பிற்காலத்தில் நிறவெறியின் அழுக்கைக் கண் விலக்காமல் நோக்கி எழுதிய எழுத்தாளர் அந்தத் தெருவோரத்திலே பயிற்சி பெற்றார் எனலாம்.

அந்த நட்பு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1941இலேயே பால்ட்வினை எண்ணெய் வண்ணத்தில் வரைந்த டெலேனி, அதன்பின் பலமுறை வரைந்தார். 1963ஆம் ஆண்டு பால்ட்வின் கறுப்பின மக்களின் உரிமைக் குரலாக நாடெங்கும் அறியப்பட்ட ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் 'டைம்' இதழின் அட்டையிலும் அவர் முகம் வந்தது. அட்டைப்படம் புகழ்பெற்றவரைக் காட்டியது. டெலேனியின் வண்ணக்கோலோ தாம் பதினைந்து வயதில் கண்ட பிள்ளையையும், முப்பத்தொன்பது வயதுப் போராளியையும் ஒரே முகத்தில் காட்டியது. நண்பர் வரையும் ஓவியத்தின் தனிச்சிறப்பு இதுவே.

குளிருக்கு அஞ்சி அமர்ந்தவர்

மற்றவரை வரைந்தவரைப் பிறர் வரைந்ததுண்டா? உண்டு. மலர்களையும் எலும்புகளையும் வரைந்து புகழ்பெற்ற ஜார்ஜியா ஓ'கீஃப் மனித முகங்களை வரைவது மிக அரிது. அவர் 1943இல் டெலேனியைக் கரிக்கோலாலும் வண்ணக்கோலாலும் வரைந்தார். டெலேனியின் அறையில் கணப்பு வசதி இல்லை. ஆகவே வெம்மை தேடி மற்ற ஓவியர்களின் அறைகளில் வரையப்படுவதற்காக வந்து அமர்வார் என்று ஓ'கீஃப் பின்னர் நினைவுகூர்ந்தார். குளிருக்கு அஞ்சி அமர்ந்தவரின் முகத்தில் ஓர் அமைதியும் பெருமிதமும் இருப்பதை அந்த ஓவியத்தில் இன்றும் காணலாம். 1945இல் எழுத்தாளர் ஹென்றி மில்லர் டெலேனியைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதிலும் அவர் அறையின் குளிர் இடம்பெற்றது.

1953இல் டெலேனி பாரிசுக்குச் சென்றார். தென்மாநிலத்தின் நிறவெறியிலிருந்து அது விடுதலை. வறுமையிலிருந்து விடுதலை அன்று. கித்தான் வாங்கப் பணமின்றித் தம் மழைச்சட்டைத் துணியிலேயே 1954இல் ஓர் ஓவியம் தீட்டினார். மஞ்சள் ஒளி அவர் ஓவியங்களில் மேலும் மேலும் பெருகியது.

1965இல் பாடகி மரியன் ஆண்டர்சனை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியம் இன்று ரிச்மண்ட் நகரின் வர்ஜீனியா கலைக்கூடத்தில் உள்ளது. ஆண்டர்சன் கறுப்பினத்தவர் என்பதால் 1939இல் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் பாட அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 மக்கள் முன் அவர் பாடினார். அந்த வரலாற்றை அறிந்த அனைவரும் படிகளையும் கூட்டத்தையுமே மனத்தில் காண்பர். டெலேனியின் ஓவியத்தில் கூட்டமும் இல்லை, படிகளும் இல்லை. பொன்னொளி நடுவே அப்பெண்மணி மட்டும் இருக்கிறார். வண்ணக்கோலால் முப்பதாண்டுகள் முகம் பார்த்துப் பழகிய கை, எண்ணெய் வண்ணத்திலும் முகத்தையே தேடியது.

டெலேனியின் இறுதிக்காலம் துயரமானது. நிறத்தின் பொருட்டும், ஆண்களை நேசித்தவர் என்பதன் பொருட்டும் வாழ்நாள் முழுவதும் பட்ட இழிசொற்கள், நோயுற்ற மனத்தில் குரல்களாக ஒலித்து அவரை வதைத்தன. 1975இல் பாரிஸ் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1978இல் ஹார்லெமின் ஸ்டூடியோ கலைக்கூடம் அவர் ஓவியங்களைத் திரட்டிப் பெருங்கண்காட்சி நடத்தியபோது அதனை அவர் வந்து காணும் நிலையில் இல்லை. 1979ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் மறைந்தார். எத்தனையோ முகங்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவரின் கல்லறையில் பெயர்க்கல்லும் இல்லை. அன்பர்கள் பொருள் திரட்டி 2010இல்தான் கல் நாட்டினர். 2025இல் நியூயார்க்கின் டிராயிங் சென்டர் அவருடைய வரைவுகளுக்கென்றே தனிக்கண்காட்சி நடத்தியது.

தாளின் விளிம்பை முட்டும் பெண்கள்

டெலேனியோடு இக்கதை முடிந்துவிடவில்லை. அவர் மறைந்த காலத்தில் இங்கிலாந்தில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த மற்றொரு கறுப்பினத் தலைமுறை வண்ணக்கோலைக் கையில் எடுத்தது. அவர்களுள் முதன்மையானவர் கிளாடெட் ஜான்சன். 1959இல் மான்செஸ்டர் நகரில் பிறந்து, வுல்வர்ஹாம்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர். 1982இல் அங்கு நடைபெற்ற முதல் தேசியக் கறுப்பினக் கலை மாநாட்டில், கறுப்பினப் பெண்ணின் உருவம் கலையில் எவ்வாறு காட்டப்படுகிறது என்பது பற்றி அவர் பேசியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று.

தம் தோழியரையும் உறவினரையும் எதிரில் நிறுத்தி, ஆளுயரத்தை விடப் பெரிய தாள்களில் வண்ணக்கோலால் தீட்டுபவர் ஜான்சன். 1982க்கும் 1986க்கும் இடையே தீட்டிய மூன்று பெண்களின் ஓவியத்தொகுதி புகழ்பெற்றது. அவருடைய பெண்கள் தாளுக்குள் அடங்குவதில்லை. தலை மேல்விளிம்பை முட்டும். தோள் பக்கவிளிம்பைக் கடக்கும். இத்தனை காலம் ஓவியத்தின் ஓரத்தில் பணிப்பெண்ணாக நிறுத்தப்பட்டவள் இன்று தாள் முழுவதையும் தன் இடமாகக் கொள்கிறாள். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பால் பல்லாண்டுகள் கலையுலகில் ஒதுங்கியிருந்த அவர், மீண்டு வந்து, 2023இல் இலண்டன் கோர்டால்ட் கலைக்கூடத்தில் தனிக்கண்காட்சி நடத்தினார். 2024இல் டர்னர் பரிசுக்குரிய நால்வர் பட்டியலிலும் இடம்பெற்றார். குடும்பப் பொறுப்பால் படிப்பையும் கலையையும் இடையில் நிறுத்திய நம் சகோதரிகளுக்கு இச்செய்தி ஊக்கமளிக்கும் என நம்புகின்றேன்.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே! கறுப்பின மக்களின் போராட்டமும் நம் போராட்டமும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946இல் அவர் அறிஞர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். டூபாய்சும் மறுமொழி எழுதினார். விண்ணப்பத்தை அவர்களிடமிருந்து கேட்டுப் பெற அண்ணல் தயங்கவில்லை. அவர்களுடைய வண்ணக்கோலிலிருந்தும் பாடம் பெற நாம் தயங்க வேண்டுவதில்லை.

அந்தப் பாடம் யாது? நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய அறிக்கைகள் பல. அவற்றில் நாம் எண்ணிக்கையாக வருகிறோம், விழுக்காடாக வருகிறோம், கொடுமைக்கு ஆளானோர் பட்டியலில் வருகிறோம். அவை வேண்டியவையே, உரிமை கேட்க அவை உதவும். ஆனால் அவற்றில் முகம் இல்லை. முகஓவியம் என்பது ஒருவர் மற்றொருவர் எதிரில் பொறுமையுடன் அமர்ந்து, "நீ பார்க்கத் தக்கவன், என் நேரத்திற்கு உரியவன்" என்று சொல்லாமல் சொல்லும் செயல். புகைப்படம் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஓவியத்திற்கு ஒரு மணி நேரமேனும் வேண்டும். அந்த ஒரு மணி நேரமே அதன் மரியாதை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். பெருஞ்செலவு இதில் இல்லை. ஒரு பெட்டி வண்ணக்கோலும், கடைகளில் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளும் போதும். பழுப்புத் தாள் இழிந்தது என்று கருத வேண்டா. வெளிச்சத்தையும் நிழலையும் ஒருங்கே காட்ட நிறமேறிய தாளே ஏற்றது என்று வண்ணக்கோல் ஓவியர்கள் தொன்றுதொட்டே அறிவர். தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும், வரைந்த தாள்களுக்கிடையே மெல்லிய தாளிட்டு அடுக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் போதும்.

வாரம் ஒரு மணி நேரம் அவர்களை நம் பெரியவர்கள் முன் அமர்த்துங்கள். பறையடிப்பவர், கூத்தில் வேடங்கட்டுபவர், ஒப்பாரி பாடும் பாட்டி, பேறு பார்த்த மருத்துவச்சி, விடுதியில் சோறாக்கிப் போடும் அம்மையார், தெருவைத் தூய்மை செய்பவர் ஆகிய ஒவ்வொருவரையும், அவரவர் இசைவு பெற்று, வரையட்டும். வித்தையை மட்டும் வரையாமல் முகத்தை வரையட்டும். ஓவியத்தின் கீழ் அவரவர் பெயரைத் தெளிவாக எழுதட்டும். அந்த முகத்திற்கு ஏற்ற நிறம் எது என்பதைப் பெட்டியின் மீதுள்ள சொல்லைப் பார்த்து அறியாமல், எதிரில் இருப்பவரைப் பார்த்து அறியட்டும். வரைந்த ஓவியத்தின் படியொன்றை வரையப்பட்டவர் கையிலேயே கொடுக்கட்டும். நன்கொடையாளர் படங்கள் இம்மலரில் இடம்பெறுவது முறையே. அடுத்த மலரில் இவர்களுடைய முகங்களும் பெயருடன் இடம்பெற வேண்டும்.

எழுத்தறிவு நம் பெயரை நாமே எழுதக் கற்றுத் தந்தது. நம் தலைமுறையில் கைநாட்டு மறைந்து கையெழுத்து வந்தது. நம் முகத்தை நாமே வரைவது அதன் அடுத்த படி. அதற்கும் இச்சங்கமே பள்ளியாக விளங்க வேண்டும்.